கொண்டல் அடிக்கும் துறையில் மூன்று கோடைகள்

கனடாவில், ஒன்டாரியோ ஏரிக்கரையின் ஹாமில்டனில் படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "நீங்கள் மூன்று பேரும் ஒரே படகுத்துறைக்கு மாறிவிட்டீர்களே, நானும் வந்துவிடட்டுமா?" கயிறு கட்டும் கிளீட் பிய்ந்து போன இடத்தில் ஃபைபர் பூசி, அது காய்வதற்காக அப்போது காத்திருந்தேன். ஆகவே கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முன்பு எங்கள் மூவரில் ஒருவர் விட்பியில், ஒருவர் போர்ட் கிரெடிட்டில், நான் பிக்கரிங்கில். சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போவதற்கு இரண்டு வாரம் பேச வேண்டியிருந்தது. டொராண்டோவுக்குக் கிழக்கே இந்தத் துறைக்கு வந்து இது மூன்றாவது வருடம். வாடகை, மின்சாரம், தண்ணீர்க் குழாய் எல்லாம் மற்ற இடங்களைப் போலத்தான். மிதவை மேடை மட்டும் அருமை. 2019 ஜூனில் ஒன்டாரியோ ஏரி 75.92 மீட்டர் வரை ஏறியபோது, பழைய துறையின் நிலையான மேடையில் முழங்கால் தண்ணீரில் நின்று கயிறு கட்டியவன் நான். இங்கே தண்ணீர் ஏறினால் மேடையும் ஏறும். அந்தக் கவலை அத்தோடு தீர்ந்தது.

தீராதது கிழக்குக் காற்று. எங்கள் ஊர்க் கடலோடிகள் கொண்டல் என்பார்களே, அதேதான். இந்த ஏரியின் நீளம் 311 கிலோமீட்டர். அதன் கிழக்கு முனையில் இருக்கும் கிங்ஸ்டன் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் அதில் பெரும்பகுதித் தூரமும் அலை வளர்ந்து வருகிறது. எங்கள் துறையின் வாயோ கிழக்கைப் பார்த்துத் திறந்திருக்கிறது. உள்ளே வரும் அலை செங்குத்தான இரும்புச் சுவரில் மோதித் திரும்புகிறது. கல் சரிவாக இருந்தால் அங்கேயே அடங்கியிருக்கும். படகு முன்னே இழுக்கும், பின்னே இழுக்கும், கயிறு வெடுக்கென்று விறைக்கும். அந்தச் சத்தத்தில் படகில் யாராலும் தூங்க முடியாது.

கழற்றிய நைலான் கயிறு ஒன்றை விரித்துப் பார்த்தேன். வெளியே நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இழைகள் சூட்டில் உருகி, ஆறிய மெழுகுபோல ஒட்டிக் கிடந்தன. பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி உறை போட்டேன், ரப்பர் அதிர்வுதாங்கி வைத்தேன், குறுக்குக் கயிறுகளை இரட்டிப்பாக்கினேன். ஒவ்வொரு வசந்தத்திலும் துறை அலுவலகத்தில் சொல்கிறேன். சுவரடியில் கல் கொட்டுவோம் என்கிறார்கள். மூன்று வருடமாக அதே பதில். கோடையில் பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்துதான் வருகிறது, அந்த நாட்களில் துறை குளம்போலக் கிடக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் படகை உடைப்பது அந்த மீதி நாட்கள்தானே?

போன அக்டோபரில் அப்படி ஓர் இரவு. நான் பிராம்டனில் இரவு வேலையில் இருந்தேன். இரண்டரை மணிக்கு, எங்கள் மூவரில் ஒருவரான பக்கத்துப் படகு அண்ணா அழைத்தார்: "தம்பி, உன் படகின் முன்முனைக் கிளீட் பிய்ந்துவிட்டது. என் கயிற்றை வின்ச் உருளையில் சுற்றிப் பிடித்திருக்கிறேன். பதறாமல் வேலையை முடித்துவிட்டு வா." விடிந்து போய்ச் சேர்ந்தபோது படகு மேடையோரம் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்திருந்தது. பழைய துறையில் அந்த இரவு நடந்திருந்தால் என் படகு ஏரியின் அடியில் கிடந்திருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்கள் மூவரும் ஒரே வரிசையில் இருப்பது பொன்னானது.

ஆனாலும் நண்பரே, வராதீர்கள். பர்லிங்டன் மணல்திட்டுக்குப் பின்னால், ஹாமில்டன் துறைமுகத்தில் உங்கள் படகு நிம்மதியாக நிற்கிறது. இன்னொருவருடைய உள்ளங்கை உரிவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எங்கள் வரிசையில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது. சுவரடியில் கல் விழுந்த அன்று நானே கூப்பிடுகிறேன்.