கேம்களுக்குப் போடும் பூட்டுகள்: எது தேவலை?

காசு கொடுத்து கேம் வாங்கியவர்தான் அதன் பூட்டோடு, அதாவது திருட்டுப் பிரதியைத் தடுக்க நிறுவனம் வைக்கும் பாதுகாப்போடு, மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, பிரதியை இறக்கியவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. இது தெரிந்தும் நிறுவனங்கள் பூட்டுவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. பெரிய கேம்களின் விற்பனை, வெளியான முதல் சில வாரங்களில்தான் கொழிக்கிறது. டெனுவோ என்ற பூட்டு போட்ட கணினி கேம்களைப் பற்றி 2024ல் வெளியான ஓர் ஆய்வு, முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருவாயில் சராசரியாக 20 சதவீதம் வரை போய்விடுகிறது என்று கணக்கிட்டது. 12 வாரம் தாங்கிவிட்டால், அப்புறம் உடைந்தாலும் பெரிய இழப்பில்லை.

அப்படியானால் ஒவ்வொரு பூட்டிடமும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். அந்த வாரங்களைக் காக்கிறதா? அதன் பிறகாவது வாங்கியவரை நிம்மதியாக விடுகிறதா?

முதலில், இத்தனை கணினிகளில்தான் நிறுவலாம் என்ற வரம்பு. 2008ல் வந்த ஸ்போர் என்ற கேம், செக்யூராம் என்ற பூட்டோடு மூன்று கணினிகள் என்று வரம்பு வைத்தது. அமேசானில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிந்தன. வரம்பை ஐந்தாக உயர்த்தினார்கள். அந்த ஆண்டு டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு வழியாகத் திருட்டுத்தனமாக மிக அதிகமாக இறக்கப்பட்ட கேம்களில் ஸ்போரும் ஒன்று. இரண்டு கேள்விகளிலும் இந்த முறை தோற்றது.

அடுத்தது, எப்போதும் இணையத்தில் இருந்தே ஆகவேண்டும் என்ற நிபந்தனை. எனக்குக் கோபம் வருவது இதன் மேல்தான். 2010ல் அசாசின்ஸ் கிரீட் 2 கேம் கணினிக்கு வந்தபோது, தனியாக ஆடும் கதைக்குக்கூட அதை வெளியிட்ட யூபிசாஃப்டின் சர்வரோடு தொடர்பு வேண்டும். சில நாட்களிலேயே சர்வர் முடங்கியது. வாங்கியவர்கள் ஆட முடியாமல் தவித்தார்கள். 2013ல் சிம்சிட்டிக்கும் இதே கதி. இணையம் இல்லாமல் ஓட வைப்பது எளிதல்ல என்று சொன்னவர்கள், அடுத்த ஆண்டே ஆஃப்லைன் முறையைக் கொடுத்தார்கள். முடியும் என்பது அவர்கள் கையாலேயே நிரூபணமானது. 2014ல் வந்த தி குரூ கேமுக்கு அந்த வழியும் திறக்கவில்லை. 2024 மார்ச் 31ல் சர்வரை நிறுத்தியதும், காசு கொடுத்தவர்களிடம் இருந்த பிரதி ஒன்றுக்கும் உதவாமல் போனது. பூட்டு வலுவானதுதான், ஆனால் அதன் ஆயுள்தான் கேமின் ஆயுள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

டெனுவோ 2014ல் ஃபிஃபா 15 காலத்தில் அறிமுகமானது. ஸ்டீம் போன்ற இணைய கேம் கடையின் உரிமச் சோதனையை யாரும் பிரித்து மாற்றிவிடாமல் காக்கும் மேலடுக்கு இது. முதல் கேள்விக்கு இதுவரை வந்ததில் நல்ல பதில் இதுதான். பல கேம்கள் மாதக்கணக்கில் தாங்கியிருக்கின்றன. கோளாறு, அது கேமின் நிரலுக்குள்ளேயே ஓடுவதில் இருக்கிறது. 2021ல் வந்த ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் கேமில் டெனுவோவோடு, அதை உருவாக்கிய கேப்காமின் சொந்தப் பாதுகாப்பும் சேர்ந்திருந்தது. எதிரியைச் சுடும் கணத்தில் திரை திக்கியது. கிராக் செய்த பிரதியோ சீராக ஓடியது. பிறகு கேப்காம் பேட்ச் (திருத்தம்) வெளியிட்டுச் சரிசெய்தது. ஆனால் டூம் என்ற கேம் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2016 மே மாதம் டெனுவோவோடு வந்து, டிசம்பரிலேயே அதை நீக்கியது. எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்தால் டெனுவோ மீது எனக்குப் பெரிய புகார் இருக்காது. ஆண்டுகள் கடந்தும் அப்படியே விட்டுவைப்பதற்கு மேலே சொன்ன ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை.

ஸ்டீமின் சொந்தப் பூட்டு லேசானது. எளிதில் உடையும், தொல்லையும் குறைவு. ஆட்கள் அங்கே வாங்குவது அப்டேட், சேமிப்பு, நண்பர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான்.

ஜிஓஜி என்ற இணைய கேம் கடையில் பூட்டே கிடையாது. 2015ல் விட்சர் 3 என்ற கேம் அங்கே முதல் நாளே பூட்டில்லாமல் வந்தது, விற்பனையிலும் சக்கைப்போடு போட்டது. நல்ல பெயர் சம்பாதித்த நிறுவனத்தின் கேம் என்பதை மறக்கக் கூடாது. புதிதாக வரும் ஒருவருக்கு அதே துணிச்சல் சுலபமல்ல. வாங்குபவர் பக்கம் நின்று பார்த்தால் இதற்கு ஈடில்லை: நிறுவும் கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால், நாளை கடையே மூடினாலும் ஆடலாம்.

என் வரிசை: ஜிஓஜியில் இருந்தால் அங்கே. இல்லையென்றால் வெறும் ஸ்டீம். டெனுவோ இருந்தால், அதை நீக்கும்வரை காத்திருப்பேன். அதற்குள் விலையும் இறங்கியிருக்கும். தனியாக ஆடும் கேமுக்கு எப்போதும் இணையம் கேட்டால் வாங்குவதில்லை. ஸ்டீமில் வாங்கும் முன் கேம் பக்கத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் பூட்டு, ஒரு நாளில் எத்தனை கணினிகள் என்ற வரம்பு எல்லாம் அங்கே சிறிய பெட்டியில் எழுதியிருக்கும்.