எம்பிபிடி ஸ்டிக்கரை நம்பி ஏமாந்தேன், நீங்கள் ஏமாறாதீர்கள்

சோலார் போட்டுவிட்டு "பேட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று தவிப்பவர்கள், புது பேட்டரி வாங்கும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். நான் படிக்காமல் வாங்கியவன்.

சங்கரன்கோவில் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இன்னும் ஈபி லைன் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள். டவுனில் ஒரு கடையில் சொல்லி 335 வாட் பேனல் ஒன்று, 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜ் கன்ட்ரோலர் எல்லாம் போட்டோம். பேனல் கரண்டைச் சீராக்கிப் பேட்டரிக்கு அனுப்பும் பெட்டிதான் இந்தக் கன்ட்ரோலர். அதன் மேல் பெரிதாக எம்பிபிடி (MPPT) என்று எழுதியிருந்தது; பேனலின் முழு சக்தியையும் பேட்டரிக்கு எடுத்துத் தரும் வகை அது. அதற்காகவே கூடுதலாக 4,500 ரூபாய் வாங்கினார்கள்.

மூன்று மாதம் சரியாக ஓடியது. அப்புறம் ராத்திரி 2 மணிக்கே இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. ஒரு ஃபேன், இரண்டு எல்இடி பல்பு, அவ்வளவுதான் லோடு. அம்மா விசிறியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். கடைக்காரர் ஆள் அனுப்பினார். வந்தவர் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்து, "11.8தான் காட்டுது சார், செல் போயிடுச்சு" என்றார். ஆசிடின் அடர்த்தியை வைத்து சார்ஜ் எவ்வளவு என்று காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கவில்லை, பேனல் பக்கம் ஏறிப் பார்க்கவும் இல்லை. வாரண்டி கார்டைக் கேட்டால், "ரெஜிஸ்டர் பண்ணத்தானே அன்னைக்கே கடையில வாங்கி வச்சோம், தேடணும்" என்றார்கள். அது கடைசிவரை கிடைக்கவில்லை. பழையதை 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, மேலே 12,500 வாங்கிப் புது பேட்டரி போட்டார்கள். நாலே மாதத்தில் மறுபடியும் அதே கீ கீ சத்தம்.

இந்தத் தடவை கடைக்குப் போகாமல், மோட்டார் வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். வயரைச் சுற்றி மாட்டினாலே அதில் ஓடும் டிசி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரோடு வந்தார். உச்சி வெயில். பேனலிலிருந்து வரும் வயரில் கிளாம்பைப் போட்டார்: 8.2 ஆம்ப். பேட்டரிக்குப் போகும் வயரில் போட்டார்: அங்கேயும் 8.2. "இங்க பாருங்க தம்பி, ரெண்டும் ஒண்ணா இருக்கு. இது எம்பிபிடி இல்ல" என்றார்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். எங்கள் பேனல் நல்ல வெயிலில் 37 வோல்ட் பக்கத்தில்தான் முழு வாட் தரும். உண்மையான எம்பிபிடி அந்த வோல்ட்டை இறக்கி ஆம்பைக் கூட்டும். பேனலில் 8 ஆம்ப் வந்தால் 12 வோல்ட் பேட்டரிக்கு 20 ஆம்ப் அளவில் போகும். பிடபிள்யூஎம் என்கிற விலை குறைந்த கன்ட்ரோலர் பேனலை அப்படியே பேட்டரியோடு சேர்த்துவிடும். பேனல் 13 வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும். எங்கள் பேனல் முனையில் அன்று 13.7தான் இருந்தது. 13.7 வோல்ட்டை 8.2 ஆம்பால் பெருக்கிப் பாருங்கள், 112 வாட்தான். 335 வாட்டுக்குக் காசு கொடுத்து அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

கன்ட்ரோலர் மூடியைக் கழற்றினார். எம்பிபிடியில் செம்புக் கம்பி சுற்றிய கனமான காயில் இருக்க வேண்டுமாம். இதில் இல்லை. கையில் எடுத்தால் டிவி ரிமோட் கனம்தான் இருந்தது.

பேட்டரியில் ஹைட்ரோமீட்டர் 1,160 காட்டியது. முழு சார்ஜில் 1,240 வர வேண்டும். தினமும் அரைகுறையாக ஏறினால் தகட்டில் சல்பேட் படிந்து நல்ல பேட்டரியும் கெட்டுப்போகும். முதல் பேட்டரிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்கிறார். அதை 3,000க்குக் கொடுத்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நிஜமான எம்பிபிடி மாட்டி இன்றோடு ஆறு நாள். மதியம் 19 ஆம்ப் ஏறுகிறது, ஹைட்ரோமீட்டர் 1,230க்கு வந்துவிட்டது. ஃபேன் விடியும்வரை ஓடுகிறது.

வாங்கும்போது பில்லில் கன்ட்ரோலர் மாடல் நம்பரையும் பேட்டரி சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். எனக்குக் கொடுத்த சீட்டில் "சோலார் செட் 1" என்று மட்டும்தான் இருந்தது. வாரண்டி கார்டில் சீலும் தேதியும் போட்டு வாங்கி உங்கள் கையிலேயே வையுங்கள். ஃபிட்டர் வீட்டை விட்டுப் போகும் முன், மதிய வெயிலில் இரண்டு வயரிலும் கிளாம்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையில் கேட்டதற்கு, "கம்பெனிக்காரன் ஒட்டின ஸ்டிக்கர் சார், எங்களுக்கு என்ன தெரியும்" என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. மூடி கழற்றிய கன்ட்ரோலரை அப்படியே பையில் கட்டி வைத்திருக்கிறேன்.