ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார்: ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் கையேட்டில் போட்டிருக்கும் ஆயில் மாற்றும் இடைவெளியை அப்படியே பின்பற்றி இந்த இன்ஜினைப் பதினைந்து வருடம் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத சாதாரண இன்ஜினே உங்களுக்கு நல்லது.

என்னுடையது மூன்று சிலிண்டர், பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன். லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் முதல் டர்போவேதான் ஓடுகிறது. 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே சோம்பலாக இருக்கும், 1,800-ஐத் தொட்டதும் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி இழுக்கும். மைலேஜ் உங்கள் காலைப் பொறுத்தது, மிதித்தால் இறங்கிவிடும்.

டர்போ என்றாலே சீக்கிரம் போய்விடும் என்று பலரும் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லாரி, பஸ் இன்ஜின்களில் பெரும்பாலானவை டர்போதான், பல லட்சம் கிலோமீட்டர் அவை அசராமல் ஓடுகின்றன. சின்ன பெட்ரோல் இன்ஜினில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இன்ஜினிலேயே 100 குதிரைத்திறனுக்கு மேல் எடுக்கிறார்கள், முழுசாக மிதிக்கும்போது டர்போவுக்குள் வரும் புகை 1,000 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது, டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றுகிறது, அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது பெரும்பாலான கார்களில் மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். அதே ஆயில்தான் பிஸ்டனுக்கும் செயினுக்கும் போக வேண்டும். அளவும் சில லிட்டர்தான். அந்த ஆயில் கெட்டுப்போனால் முதலில் அடிவாங்குவது டர்போ, பழி விழுவதும் அதன் மேல்தான்.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. அமெரிக்காவில் 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் முதல் டர்போ கார்களில் ஒன்று. நாக்கிங் (பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிப்பது) வராமலிருக்க அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்ற மறந்தவர்கள் ஏராளம். கடைசியில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டித்தரக் கம்பெனியே முன்வந்தது. ஓட்டுபவர் கவனமாகப் பராமரிப்பார் என்று நம்பி வடிவமைக்கிற பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இப்போது எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. முன்பு சூடான இன்ஜினைச் சட்டென்று அணைத்தால் டர்போவுக்குள் தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். இன்று டர்போவைச் சுற்றி, குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஓடுகிறது, பல கார்களில் இன்ஜினை அணைத்த பிறகும் சின்ன மின் பம்ப் ஒன்று அதை ஓடவிடுகிறது (நிறுத்திய காரிலிருந்து மெல்லிய உறுமல் கேட்டால் பயப்படாதீர்கள், அதுவாக இருக்கலாம்). இருந்தாலும் நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டி வந்தால் கடைசிக் கொஞ்ச தூரத்தை நான் மெதுவாகவே ஓட்டுவேன்.

சரி, கம்பெனிகள் எத்தனை வருடத்துக்கு வடிவமைக்கிறார்கள்? காரில் காலாவதி தேதி எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. எத்தனை கிலோமீட்டரில் நூற்றுக்குப் பத்து பாகம் பழுதாகும் என்று பார்ப்பதுதான் அவர்கள் கணக்கு, பி10 ஆயுள் என்பார்கள். இன்ஜின் மாதிரி பெரிய பாகங்களுக்குப் பொதுவாகப் பேசப்படும் இலக்கு சுமார் 10 வருடம், 2.4 லட்சம் கிலோமீட்டர். ஐரோப்பாவின் யூரோ 7 விதிகூட புகைக் கட்டுப்பாடு 10 வருடம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் வரை தாங்க வேண்டும் என்கிறது. இலக்கில் குறையில்லை. என் கோபமெல்லாம் சர்வீஸ் அட்டவணை மேல்தான். பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டி முதல் ஓனரைக் கவர்வதற்காக இடைவெளியை நீட்டி எழுதுகிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று எத்தனையோ கார் கம்பெனிகள் சொல்கின்றன, அவற்றில் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்து தருகிற இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் காரில் வந்த ஒரே பெரிய தொல்லையைச் சொல்கிறேன். ஏற்றத்தில் இழுவை போய், மிதிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வந்தது. சர்வீஸ் சென்டரில் எடுத்த எடுப்பில் டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில், கிளாம்புக்கு ஒட்டிய இடத்தில் மட்டும் தூசி ஈரமாகக் கறுத்து ஒட்டியிருந்ததைக் காட்டினார். விரலால் மடக்கியதும் வெடிப்பு வாயைத் திறந்தது. டர்போவின் தண்டையும் ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் துளி அசைவு இருந்தது, முன்னும் பின்னும் அசைவே இல்லை. "டர்போ நல்லாத்தான் இருக்கு சார், ஹோஸை மட்டும் மாத்துங்க" என்றார். அத்தோடு சரியாகிவிட்டது. வயதான டர்போ காரில் முதலில் போவது இந்த மாதிரி ரப்பரும் பிளாஸ்டிக்கும் சீல்களும்தான்.

டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை) ஆயிலில் நனைந்து ஓடும் இன்ஜின்களை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன். பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 பியூர்டெக் இன்ஜினில் அந்த பெல்ட் சிதைந்து துணுக்குகள் ஆயில் வழியை அடைத்ததால், ஐரோப்பாவில் வாரன்டியை 10 வருடம் அல்லது 1.75 லட்சம் கிலோமீட்டர் வரை நீட்ட வேண்டியதாயிற்று. பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜினா என்று கேட்டு வாங்குங்கள்.

நான் கடைப்பிடிப்பது இதுதான். கையேட்டின் பின்பக்கங்களில் குட்டி எழுத்தில் இருக்கும் கடினப் பயன்பாட்டு அட்டவணையைப் பாருங்கள். குறுகிய தூர ஓட்டம், தூசி, நெரிசலில் நின்று நின்று போவது எல்லாம் அதில் வரும், அதாவது நம்மில் பலர் தினமும் ஓட்டுவது. அதன்படி ஆயில் பாதி தூரத்திலேயே மாறும். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி தரமோ (அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் ஆயில் தரம்), கையேடு கேட்கும் அதற்கு இணையான தரமோ இருக்கும் ஆயிலையே ஊற்றுங்கள், இன்ஜின் குறைந்த வேகத்தில் சுற்றும்போது பெட்ரோல் நேரம் தப்பி எரிந்து பிஸ்டனை உடைக்கும் சிக்கலைக் கட்டுப்படுத்தத்தான் அந்தத் தரத்தில் தனிச் சோதனையே வைத்திருக்கிறார்கள். அதே காரணத்துக்காக டாப் கியரில் ஊர்ந்துகொண்டு முழுசாக மிதிக்காதீர்கள், ஒரு கியர் இறக்குங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் கலக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடுங்கள்.

பழைய டர்போ கார் வாங்குபவர்கள் ஓடிய கிலோமீட்டரைவிட ஆயில் பில்களைத்தான் பார்க்க வேண்டும். குறுகிய இடைவெளியில் மாற்றிய பில்கள் வரிசையாக இருந்தால் லட்சத்தைத் தாண்டிய காரையும் தைரியமாக எடுப்பேன். பில் இல்லையென்றால் 40,000 ஓடியதையும் தொடமாட்டேன்.