ராஜாசாரஸ், மஜுங்காசாரஸ், கார்னோட்டாரஸ், ஜிகானோட்டோசாரஸ்: பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பில் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். இந்த முறை டைனோசர் பற்றிப் பேசலாம் என்று முடிவானது. டி. ரெக்ஸ் வேண்டாம், அது வட அமெரிக்காவின் விலங்கு. நம் பக்கத்து நிலங்களில் வாழ்ந்த வேட்டை டைனோசர் ஒன்றை எடுப்போம் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள். ஆனால் எதை எடுப்பது என்பதில் பெற்றோர்களிடையே நாலு கட்சி ஆகிவிட்டது. இன்னும் பேச்சு ஓயவில்லை. என் பக்கத்து நியாயத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா எல்லாம் ஒரு காலத்தில் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலமாக இருந்தவை. அது துண்டு துண்டாகப் பிரிந்த பிறகு, டைனோசர் யுகத்தின் இறுதிக் கட்டமான கிரெடேசியஸ் காலத்தின் கடைசியில், இந்தியாவிலும் மடகாஸ்கரிலும் தென் அமெரிக்காவின் பல பகுதிகளிலும் தலைமை வேட்டையாடியாக இருந்தது அபெலிசாரிட் என்ற குடும்பம். குட்டையான மண்டையோடு, உறுதியான கழுத்து, இருந்தும் இல்லாதது போன்ற கைகள். இந்த அலசலில் வரும் நால்வரில் மூவர் இந்தக் குடும்பம். ஜிகானோட்டோசாரஸ் மட்டும் வேறு வம்சம்.

அதையே முதலில் பார்ப்போம், ஏனென்றால் அப்பாக்களின் ஓட்டு பெரும்பாலும் அதற்குத்தான். 1993இல் அர்ஜென்டினாவின் நெவுக்கேன் மாகாணத்தில், வியா எல் சோக்கோன் ஊருக்கு அருகே, ரூபன் கரோலினி என்பவர் இதைக் கண்டெடுத்தார். தொழிலால் அவர் மெக்கானிக். எலும்பு தேடுவது ஆர்வத்தால் செய்த வேலை. 1995இல் ஆய்வாளர்கள் கோரியாவும் சல்காதோவும் அவர் பெயரையே சேர்த்து அறிவித்தார்கள். எலும்புக்கூட்டில் சுமார் 70 சதவீதம் கிடைத்திருக்கிறது. நீளம் 12 முதல் 13 மீட்டர், டி. ரெக்ஸோடு சரிக்குச் சரி நிற்கும். எல்லாம் உண்மை. ஆனால் அது வாழ்ந்தது ஏறக்குறைய 9.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அபெலிசாரிட்கள் கொடிகட்டிப் பறந்த கடைசிக் காலத்துக்கும் அதற்கும் கிட்டத்தட்ட மூன்று கோடி ஆண்டு இடைவெளி. அளவைத் தவிர அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்ல அதிகம் இல்லை. அளவில் தொடங்கிய பேச்சு, "டி. ரெக்ஸும் இதுவும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள்?" என்பதில் போய் முடியும். கண்டமும் வேறு, காலமும் வேறு என்றான இரண்டுக்கு என்ன சண்டை?

கார்னோட்டாரஸ் அப்படி அல்ல. இதன் பக்கம் நிற்பவர்களை நான் மதிக்கிறேன். 1984இல் அர்ஜென்டினாவின் சுபுட் மாகாணத்தில் ஒரு பண்ணை நிலத்தில் கிடைத்தது. 1985இல் ஆய்வாளர் ஹோசே போனபார்ட்டே அதற்குப் பெயர் வைத்தார். கிடைத்தது ஒரே ஒரு எலும்புக்கூடுதான், ஆனால் கீழ்க்காலும் வாலின் பின்பகுதியும் தவிர ஏறக்குறைய முழுசாகக் கிடைத்தது. கண்ணுக்கு மேலே இரண்டு கொம்புகள். கைகள் டி. ரெக்ஸின் கைகளை விடவும் சிறியவை. எல்லாவற்றையும் விடப் பெரிய செல்வம் அதன் தோல் அச்சு: உடலின் பல இடங்களிலிருந்து, செதில் செதிலாக, நடுநடுவே பெரிய புடைப்புகளோடு. இறகின் தடயம் எதுவும் இல்லை. ஒரு டைனோசரின் மேனி எப்படி இருந்தது என்று ஊகிக்காமல் சொல்ல முடிவது மிக அரிது. படம் வரையும் பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால் நான் இதற்கே ஓட்டுப் போடுவேன்.

அண்டார்க்டிகாவின் கிரையோலோபோசாரஸையும் ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்ராலோவெனேட்டரையும் ஒருவர் சொன்னார். இரண்டும் நல்ல கண்டுபிடிப்புகள்தான். முன்னது கிர்க்பாட்ரிக் மலையில் உறைபனிக்கு நடுவே கிடைத்து 1994இல் அறிவிக்கப்பட்டது, பின்னது குயின்ஸ்லாந்தின் விண்டன் பகுதியில் கிடைத்து 2009இல் பெயர் பெற்றது. ஆனால் முன்னது கிரெடேசியஸுக்கு வெகு முந்திய ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தைச் சேர்ந்தது, பின்னது வேறு வம்சம். நம் கதையோடு ஒட்டவில்லை.

இனி உண்மையான போட்டி. மடகாஸ்கரின் மஜுங்காசாரஸும் குஜராத்தின் ராஜாசாரஸும் ஒரே கிளையைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒன்றாக ஒட்டியிருந்து, ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தவை. பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, முகஜாடை ஒன்று, வளர்ந்த இடம் வேறு. இரண்டுமே 6 முதல் 7 மீட்டர் அளவு. ராஜாசாரஸ் 9 மீட்டர் என்று 2003இல் செய்திகளில் வந்ததைப் பலர் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2016இல் வந்த மறுகணக்கு 6.6 மீட்டர் என்கிறது.

வித்தியாசம் எங்கே என்றால், கையில் இருக்கும் எலும்பில். மஜுங்காசாரஸின் கதை 1896இல் சில பற்களும் எலும்புகளுமாகத் தொடங்கியது. 1955இல் ஒரு கீழ்த்தாடையை வைத்து இந்தப் பெயர் வந்தது. 1979இல் அதன் தலையிலிருந்த தடித்த குமிழைப் பார்த்து, இது முட்டி மோதும் தாவர உண்ணி டைனோசர் என்று வேறொரு பெயரே வைத்துவிட்டார்கள். 1996இல் மிக நன்றாகப் பாதுகாக்கப்பட்ட மண்டையோடு ஒன்று கிடைத்தது. நெற்றிக் குமிழ் வேட்டையாடியுடையதுதான் என்பது அப்போது உறுதியானது. அதற்குப் பிறகு எலும்புகள் மேலும் மேலும் வந்தன. மண்டையோட்டை சி.டி. ஸ்கேன் எடுத்து மூளையும் உள்காதும் இருந்த வடிவத்தைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பல் குழியிலும் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒரு புதுப் பல் முளைத்தது என்று 2019இல் கணக்கிட்டார்கள். எலும்பைக் கொறிக்கும் பழக்கம் இருந்தால் பல் அவ்வளவு வேகமாகத்தான் தேயும்.

அந்தப் பழக்கத்துக்குச் சாட்சியும் உண்டு. மஜுங்காசாரஸின் எலும்புகளிலேயே பல் பதிந்த தடங்கள் இருக்கின்றன. தடங்களின் இடைவெளியும், பல்லின் அரம் போன்ற விளிம்பு விட்ட கீறல்களும், அங்கே வாழ்ந்த வேறு எந்த விலங்கின் பல்லோடும் பொருந்தாமல் மஜுங்காசாரஸின் பல்லோடுதான் பொருந்தின. தன் இனத்தையே தின்றது என்று 2003இல் அறிவித்தார்கள். கொன்று தின்றதா, செத்ததைத் தின்றதா என்பதை எலும்பு சொல்லாது. மழை பொய்த்தால் நதி வற்றும் வறண்ட நிலம் அது. பசி வந்த காலத்தில் கிடைத்ததைத் தின்றிருக்கும். பிள்ளைகள் இதைக் கேட்டால் பயப்படுவார்கள் என்று ஒரு அம்மா தயங்கினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கீறலிலிருந்து இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரிய பாடம்.

ராஜாசாரஸிடம் இவ்வளவு சாட்சி இல்லை. 1980களின் தொடக்கத்தில் பாலாசினோர் அருகே ரஹியோலியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் எலும்புகளை எடுத்தார்கள். மண்டையோட்டின் மூளைப்பகுதி, முதுகெலும்பு, இடுப்பு, பின்னங்கால், வால் ஆகியவற்றின் பகுதிகள். சுரேஷ் ஸ்ரீவாஸ்தவா எந்த எலும்பு எந்த இடத்தில் கிடந்தது என்று வரைபடமே போட்டு வைத்தார். அந்த வரைபடம் இருந்ததால்தான், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, வில்சன், செரீனோ, அசோக் சாஹ்னி ஆகியோர் இருந்த குழுவால் 2003இல் இது தனி விலங்கு என்று நிறுவ முடிந்தது. நெற்றியில் தாழ்வான ஒற்றைக் கொம்பு. அது என்ன தின்றது, எப்படி வளர்ந்தது என்றெல்லாம் நாம் சொல்வது பெரும்பாலும் மஜுங்காசாரஸைப் பார்த்துச் சொல்வதுதான்.

அந்த வரைபடம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஜபல்பூரில் 1917 முதல் 1919 வரை புவியியலாளர் மேட்லி தோண்டி எடுத்த வேட்டை டைனோசர் எலும்புகளில் பல இன்று காணவில்லை. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த புருஹத்காயோசாரஸை 1987இல் முதலில் ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். பிறகுதான் அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று ஆனது. உலகின் மிகப்பெரிய விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். சரிபார்க்க எலும்பு இல்லை, சிதைந்து போய்விட்டது. நம் மண்ணில் கிடைத்தது இப்படிப் போனதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதனால் என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. வகுப்பில் கதையாகச் சொல்ல மஜுங்காசாரஸ், நேரில் போய்ப் பார்க்க ராஜாசாரஸ். நால்வரில் வேறு எதையும் மும்பையிலிருந்து ரயில் ஏறிப் போய்ப் பார்க்க முடியாது. இந்த நகரத்துப் பாறையில் எலும்பு தேடிப் பயனில்லை. அந்தேரியின் கில்பர்ட் குன்றும் கன்ஹேரி குகையும் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். ராஜாசாரஸ் கிடைத்த, லமேட்டா எனப்படும் பாறைப் படிவுகள் அந்தக் குழம்பு மூடாமல் விட்ட, அல்லது மூடி மழையில் கரைந்த ஓரங்களில்தான் வெளியே தெரிகின்றன. இரவு ரயிலில் அகமதாபாத் போய், அங்கிருந்து காரிலோ பேருந்திலோ பாலாசினோர் போகலாம். ரஹியோலியில் புதைபடிவப் பூங்காவும், 2019இல் திறந்த அருங்காட்சியகமும் இருக்கின்றன. பெரிய மாடல்களுக்கு முன்னால் புகைப்படம் எடுத்த கையோடு பிள்ளைகளைப் பூங்காவுக்கும் கூட்டிப்போங்கள். பாறையில் முட்டைகள் வட்டமாகத் தெரியும். அவை பெரும்பாலும் நீள்கழுத்து டைனோசர்களுடையவை, ராஜாசாரஸ் வேட்டையாடியிருக்கக்கூடிய விலங்குகளுடையவை. கை வைக்காமல் பார்க்கச் சொல்லுங்கள்.