பிரேக்கை உள்ளே பூட்டி வைத்த ரீல்: முதல் பெய்ட்காஸ்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

தூண்டில் கோலில் மாட்டி, தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீல்களில் பெய்ட்காஸ்டர் ஒரு வகை. என்னிடம் இருக்கும் பெய்ட்காஸ்டர் ரீலுக்கு அடுத்த மாடல் வந்துவிட்டதால், பழையதை 100 டாலரிலிருந்து 60 டாலருக்கு இறக்கிவிட்டார்கள். டாலஸ் பக்கம் என்னோடு ஏரிக்கு மீன் பிடிக்க வரும் தம்பி ஒருவர் இதுவரை ஸ்பின்னிங் ரீல் மட்டுமே போட்டுப் பழகியவர். அந்த விலையைப் பார்த்ததும், "அண்ணே, நீங்க வெச்சிருக்கறது இதுதானே? கண்ண மூடிட்டு வாங்கிடலாமா?" என்று கேட்டார். அவருக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னதையெல்லாம் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதல்ல, விலை குறைந்த ரீல்கள் பலவற்றில் இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. சில வருஷமாக இந்த ரீல் வெயிலிலும் மழையிலும் காரின் பின்சீட்டிலும் கிடந்து அடிபட்டிருக்கிறது. கியர் இன்றைக்கும் வெண்ணெயாக ஓடுகிறது. மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக் ஒரு தடவைகூடச் சிக்கி இழுத்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை திறந்து துடைத்து, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலின் பேரிங் இரண்டுக்கும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுவதைத் தவிர நான் எதுவும் செய்வதில்லை. பெட்டியின் மேல் எத்தனை பேரிங் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எறியும் தூரத்தைத் தீர்மானிப்பது ஸ்பூலைத் தாங்கும் அந்த இரண்டுதான். மற்ற எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்.

காற்றில்லாத காலையில் இந்த ரீலோடு ரே ராபர்ட்ஸ் ஏரிக்கரையில் நின்று பார்க்க வேண்டும். அங்கே தண்ணீருக்குள் மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் நிறைய நிற்கும். அரை அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட்டை, அதாவது சுழலும் தகடு வைத்த லூரை (போலி இரையை), ஒரு மரத்தின் அடியைக் குறிவைத்துப் பக்கவாட்டில் வீசுவேன். நரம்பு ஓடும்போது ஸ்பூலின் மேல் கட்டைவிரல் பட்டும் படாமலும் இருக்கும். லூர் மரத்தை நெருங்கும்போது விரலை லேசாக அழுத்தினால் போதும், வேகம் தணிந்து ஒரு சாண் தள்ளிச் சத்தமில்லாமல் இறங்கும். ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாது, நரம்பு சுருள் சுருளாகக் கழன்று போகும், அதை நடுவழியில் இவ்வளவு நயமாக அடக்குவது கடினம். பெய்ட்காஸ்டரில் லூர்தான் ஸ்பூலை இழுத்துச் சுற்ற வைக்கிறது. சுற்றுகிற ஸ்பூல் முழு நேரமும் உங்கள் விரலுக்கடியில் இருக்கிறது. அந்த உணர்வுக்கு ஒருமுறை பழகிவிட்டால் கையை விட்டுப் போகாது.

இந்த வகை ரீலை உருவாக்கியவர்கள் கடிகாரம் செய்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரம் வைத்து ரீல் செய்தார். இன்று நாங்கள் ஏரியில் தேடும் பாஸ் மீனுக்காகத்தான் அன்றைக்கும். ஸ்பூல் தானே சுற்றி நரம்பை விடும் ஏற்பாடு அன்றிலிருந்து மாறவில்லை. அதனால் அதன் தலைவலியும் மாறவில்லை.

அந்தத் தலைவலி சிக்கு. வீசிய லூர் காற்றை எதிர்த்துப் போகப் போக வேகம் குறையும், ஸ்பூலுக்கு அது தெரியாது. அது பழைய வேகத்திலேயே சுற்றி, வெளியே போக இடமில்லாத நரம்பை மேலே மேலே தள்ளும். கண்ணிமைக்கும் நேரத்தில் ரீலுக்குள் ஒரு கூடு. இதைத் தடுக்க மூன்று ஏற்பாடு உண்டு. கைப்பிடிப் பக்கம் இருக்கும் டென்ஷன் திருகு ஒன்று, எதிர்ப்பக்கத்துப் பிரேக் ஒன்று, உங்கள் கட்டைவிரல் ஒன்று. திருகைச் சரி செய்வது எளிது. லூரைத் தொங்கவிட்டு ஸ்பூலை விடுவித்தால் அது மெதுவாக இறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்க வேண்டும். கட்டைவிரலுக்கு மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். அதுவரை உங்களைக் காப்பாற்றுவது பிரேக்தான்.

என் ரீலில் அந்தப் பிரேக் உள்ளே இருக்கிறது. என் கோபமெல்லாம் அங்கேதான்.

இது சென்ட்ரிஃபியூகல் பிரேக். ஸ்பூலோடு சேர்ந்து சுற்றும் ஆறு சிறிய பிளாஸ்டிக் கட்டைகள். ஸ்பூல் வேகமெடுக்கும்போது அவை வெளிப்பக்கம் விலகி ஒரு வளையத்தில் உரசும், அந்த உரசல்தான் பிரேக். எத்தனை கட்டை வேலை செய்ய வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். வெளிப்பக்கம் தள்ளினால் வேலை செய்யும், உள்பக்கம் தள்ளினால் சும்மா இருக்கும். ஸ்பூல் தள்ளாடாமல் இருக்க எதிரெதிர் கட்டைகளை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதை மாற்ற ஒவ்வொரு முறையும் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். மூடி ரீலோடு ஒட்டிக்கொண்டிருக்காது, முழுசாகக் கையோடு வந்துவிடும். கொஞ்சம் சாய்த்தால் ஸ்பூலும் கூடவே வழுக்கி வரும். அந்த நொடியில் நரம்பின் ஒரு சுற்று ஸ்பூலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நழுவி உட்காரும். அதை விடுவிக்காமல் மூடினால் அடுத்த வீச்சிலேயே நரம்பு கசங்கிவிடும். ஈரக் கையில் நகத்தால் அந்தக் கட்டையைத் தள்ளிப் பாருங்கள், அப்போது தெரியும். உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம் என்றால் டெக்ஸாஸ் ஏரிக்கரையில் உட்காரும் இடத்தில் நெருப்பெறும்புப் புற்று இருக்கும்.

ஒரு நாளில் எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று கேட்கலாம். வட டெக்ஸாஸில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்குக் காற்று பேயாய் அடிக்கும். பாஸ் முட்டையிடக் கரையோரம் ஒதுங்குவதும் அதே காலத்தில்தான். ஒரு கரையில் காற்று முதுகில் அடிக்கும், வளைவு திரும்பினால் முகத்தில் அடிக்கும். முதுகில் அடிக்கும்போது இரண்டு கட்டை போதும். முகத்தில் அடிக்கும்போது ஆறும் வேண்டும், அப்படியும் போதாமல் போகும். சென்ட்ரிஃபியூகல் பிரேக்கின் விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். வீச்சின் தொடக்கத்தில் பலமாகப் பிடிக்கும், ஸ்பூல் தணியத் தணிய மளமளவென்று விட்டுவிடும். எதிர்காற்று லூரைத் தடுத்து நிறுத்துவதோ வீச்சின் பிற்பாதியில். அரை அவுன்ஸிலிருந்து கால் அவுன்ஸுக்கு லூரை மாற்றினாலும் இதே கதைதான், மறுபடி மூடியைக் கழற்ற வேண்டும்.

ஒரு வசந்தத்தில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். டெக்ஸாஸ் ஸ்டேட் பார்க்குகளில் கரையில் நின்று பிடிக்க லைசென்ஸ் தேவையில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிப்போக இது ஒரு பெரிய வசதி. அம்பாசமுத்திரம் பக்கத்துக் குளங்களில் தவளை கோத்து விரால் பிடித்த மனிதர் அவர். நான் மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏல, இதச் செஞ்சவன் என்னைக்காவது காத்துல நின்னு எறிஞ்சிருப்பானா?" என்றார். இந்த ரீலைப் பற்றி அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

அந்த ஆறு கட்டைகளில் ஒன்று புல்லில் விழுந்து தொலைந்தது. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். கட்டை தனியாகக் கிடைக்காது, ஸ்பூலாகத்தான் வாங்க வேண்டும் என்று பதில் வந்தது. ஸ்பூல் விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் இப்போது ரீலே கிடைக்கும். ஒன்று போனால் அதற்கு எதிரில் இருப்பதையும் அணைத்துவிட வேண்டும் என்பதால் என் ரீல் இன்று நான்கு கட்டையில்தான் ஓடுகிறது. எனக்குக் கட்டைவிரல் பழகிவிட்டது, சமாளிக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர் எப்படிச் சமாளிப்பார்?

நியாயமாக எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரேக்கை ஒருமுறை வைத்துவிட்டு மீதியை விரலால் பார்த்துக்கொள்கிற பழைய கைகள் இங்கே நிறைய உண்டு. அவர்களுக்கு மூடியைத் திறக்கும் வேலையே வராது. வெளியிலிருந்தே பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாததால் பாகம் குறைவு, செலவும் குறைவு, கெட்டுப்போகவும் அதிகம் எதுவும் இல்லை. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் கைகளா 60 டாலர் ரீல் வாங்குகின்றன? விலை குறைந்த ரீலை வாங்குகிறவர் பழகுகிறவர். பிரேக்கை நாளெல்லாம் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியவரும் அவர்தான். யாருக்கு அந்தத் திருகு அதிகம் தேவையோ, அவருக்கு விற்கிற ரீலில் அதை உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள். விலை குறைத்து விற்கிறார்கள் என்பதற்காக இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆகவே தம்பி, வேண்டாம். இவ்வளவு பாராட்டிய பிறகும் சொல்கிறேன், முதல் ரீலாக இது வேண்டாம்.

வெளிப்பக்கத்தில் எண் போட்ட பிரேக் திருகு இருக்கிற ரீலாகப் பாருங்கள். காந்தப் பிரேக் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். டைவா கம்பெனியின் டாட்டுலா வரிசை ஓர் உதாரணம். மூடியைத் தொடாமல், நடந்துகொண்டே கட்டைவிரலால் திருகிவிடலாம். காந்தம் ஸ்பூலைத் தொடுவதில்லை, சுற்றும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி இழுத்துப் பிடிக்கிறது. வீச்சின் கடைசிவரை அந்தப் பிடி கொஞ்சமாவது இருப்பதால் எதிர்காற்றில் புதியவருக்கு நிம்மதி. திருகை முக்கால்வாசி ஏற்றி வைத்துத் தொடங்குங்கள், சிக்கு விழாத நாள்களில் ஒவ்வொரு எண்ணாக இறக்குங்கள். ஷிமானோ கம்பெனியின் டிசி (டிஜிட்டல் கன்ட்ரோல்) ரீல்களில் பிரேக்கைக் குட்டிக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அதற்கு பேட்டரிகூட வேண்டாம், ஸ்பூலின் சுழற்சியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. அருமையான வேலைப்பாடு. ஆனால் முதல் ரீலுக்கு அவ்வளவு விலை கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைப்பிடி எந்தப் பக்கம் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஸ்பின்னிங் ரீலில் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம், பெய்ட்காஸ்டரில் முடியாது. இடது கையால் சுற்றிப் பழகியிருந்தால் இடது கைப்பிடி மாடலையே கேட்டு வாங்குங்கள். கியர் விகிதம் 7:1க்குப் பக்கத்தில் (கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழு சுற்று) இருந்தால் ஒரே ரீலில் எல்லா வேலையும் நடக்கும்.

ராடுக்கு, அதாவது தூண்டில் கோலுக்கு, நான் யோசிக்கவே மாட்டேன். 7 அடி, மீடியம் ஹெவி (சற்று விறைப்பானது), நுனிப்பக்கம் மட்டும் வளையும் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், ஒரே துண்டு. ராடின் மேல் லூர் எடை கால் முதல் முக்கால் அவுன்ஸ் வரை என்று எழுதியிருந்தால் நல்லது. என்னிடம் இருப்பது சாதாரண கிராஃபைட் ராடுதான், ரீலைவிட விலை குறைவு. ஆனால் இந்தக் கூட்டணியில் எனக்கு எதிர்பாராத சந்தோஷம் கொடுத்தது அதுதான். டெக்ஸாஸ் ரிக்கில் (முள்முனை புழுவுக்குள் மறையும்படி) கோத்த ரப்பர் புழுவை அடியில் மெதுவாக இழுத்துவரும்போது கல்லில் படுவது வேறு, கிளையில் ஏறி இறங்குவது வேறு, பாஸ் வாய் வைப்பது வேறு. கைப்பிடியில் ஒரு சின்ன 'டொக்', அவ்வளவுதான். தொய்வைச் சுற்றி எடுத்து ஓங்கி இழுத்தால் முள் ஏறிவிடும். மீன் மரத்துக்குள் நுழையப் பார்க்கும்போது அதைத் திருப்பிக் கொண்டுவரும் முதுகெலும்பு அந்த ராடுக்கு இருக்கிறது. 7 அடி ஒரே துண்டு காருக்குள் எப்படி என்று பலர் கேட்கிறார்கள். பின்சீட்டின் ஒரு பாதியை மடித்தால் என் சிறிய காரிலேயே குறுக்காகப் போகிறது.

நரம்பு முதலில் 15 பவுண்டு தாங்கும் மோனோவாக (ஒற்றை இழை நைலானாக) இருக்கட்டும். ஃப்ளோரோகார்பன் வகை நரம்பை முதல் மாதம் போட வேண்டாம், ஒரு நல்ல சிக்கிலேயே மடிப்பு விழுந்து பலம் போய்விடும், விலையும் அதிகம். பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு) போட ஆசைப்பட்டால் 30 பவுண்டுக்குக் குறையாமல் போடுங்கள், மெல்லிசானது ஸ்பூலுக்குள் புதைந்துகொள்ளும். அடியில் கொஞ்சம் மோனோ சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டு சுற்றினால்தான் வழுக்காது.

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் சிக்கு விழும், அப்போது கத்தரியைத் தேடாதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். பிறகு ஸ்பூலை விடுவித்து நரம்பை மெதுவாக வெளியே இழுங்கள். முக்கால்வாசிச் சிக்கு அப்படியே வந்துவிடும். வராவிட்டால் தடுக்கிற மடிப்பை மட்டும் நகத்தால் தூக்கிவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள்.

என்னுடையதை விற்பேனா என்றால் மாட்டேன். நான்கு கட்டையோடு அதை வாங்குகிறவர் பாவம், அது ஒரு காரணம். காற்றில்லாத காலைக்கு இதைவிட நல்ல ரீல் என்னிடம் இல்லை என்பது இன்னொரு காரணம். காற்று நாளுக்கென்று வெளித்திருகு வைத்த ஒன்றைத் தனியாகப் பார்த்து வைத்திருக்கிறேன், பிப்ரவரிக்குள் வாங்கிவிடுவேன்.