கருப்பை நார்த்திசுக் கட்டி: கருப்பையை எடுப்பதா, கட்டியை மட்டும் எடுப்பதா, ரத்த ஓட்டத்தை அடைப்பதா?

கருப்பையில் ஃபைப்ராய்டு எனப்படும் நார்த்திசுக் கட்டி இருப்பதாக ஸ்கேன் அறிக்கை வந்தவுடன் பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி, கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அளவைவிட இடத்துக்கே முதன்மை உண்டு. கருப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் 2 செ.மீ. கட்டி, மாதாமாதம் பெருக்கெடுக்கும் உதிரப்போக்கால் ஒரு பெண்ணைக் கடும் ரத்தசோகையில் தள்ளிவிடக்கூடும். வெளிச்சுவரில் வளர்ந்த 6 செ.மீ. கட்டியோ எந்தத் தொந்தரவும் தராமல் இருந்து, வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவரலாம். தசைச்சுவருக்குள்ளேயே புதைந்திருப்பது மூன்றாவது வகை. பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ, இந்த இடங்களை 0 முதல் 8 வரை எண்ணிட்டு வகைப்படுத்தியுள்ளது. அந்த எண் அறிக்கையில் இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஒப்பிடப்படும் வழிகளில் எது யாருக்குப் பொருந்தும் என்பதில் பாதியை அதுவே சொல்லிவிடும்.

இவை கருப்பைத் தசையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் தூண்டுதலால் வளரும், புற்றுநோயல்லாத கட்டிகள். மிகப் பரவலாகக் காணப்படும் இவை பலருக்கு எந்த அறிகுறியும் தருவதில்லை. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் தாமாகவே சுருங்கத் தொடங்குகின்றன. எனவே உதிரப்போக்கு, வலி, சிறுநீர்ப்பை அழுத்தம், கருத்தரிப்பதில் தடை ஆகிய எதுவும் இல்லாதவருக்கு, அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு காத்திருப்பதே சரியான மருத்துவம். மாதவிடாய் நின்ற பிறகும் வளர்கின்ற கட்டியை மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிரனெக்சாமிக் அமிலம் மாதவிடாய் நாட்களில் ரத்தப்போக்கைக் குறைக்கிறது, கட்டியைத் தொடுவதில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் கருப்பைச் சாதனம் பல ஆண்டுகள் பலன் தரும் என்றாலும், உட்குழியின் வடிவத்தைக் கட்டி சிதைத்திருந்தால் அது வெளியே வந்துவிட வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் லூப்ரோலைடு ஊசி சில மாதங்களில் கட்டியைக் கணிசமாகச் சுருக்கும். ஆனால் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பதாலும், நிறுத்தியதும் கட்டி மீண்டும் வளர்வதாலும், அது பெரும்பாலும் அறுவைக்கு முந்தைய தயாரிப்பாகவே பயன்படுகிறது. அமெரிக்காவில் 2021-இல் ஒப்புதல் பெற்ற ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரையையும் 24 மாதங்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பு உண்டு. மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கிவிட்ட பெண்ணுக்கு மருந்துகள் அந்த இடைவெளியைக் கடத்திவிடும். 32 வயதுப் பெண்ணுக்கு அவை தீர்வாவது கடினம்.

உண்மையான போட்டி மூன்று வழிகளுக்கிடையேதான் நடக்கிறது. முதலாவது, கருப்பையையே நீக்கும் ஹிஸ்டரெக்டமி. கட்டி திரும்ப வரவே வராது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே சிகிச்சை இதுதான் என்பதால், குழந்தைப்பேறு முடிந்து, வேறு வழிகளை முயன்றும் பலன் காணாத பெண்ணுக்கு இது பெரும் விடுதலையாக அமைவதை மறுக்க முடியாது. ஆயினும் நம் நாட்டில் இது கடைசி வழியாக இல்லாமல் முதல் வழியாகவே முன்வைக்கப்படுவது கவலைக்குரியது. 2015–16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 3.2 சதவீதத்தினருக்குக் கருப்பை நீக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்தில் அது ஏறத்தாழ 9 சதவீதம். தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது என்றால், நிலைமையின் தீவிரத்தை விளக்க வேறு சான்று தேவையில்லை.

இரண்டாவது, கட்டியை மட்டும் அகற்றிக் கருப்பையைக் காக்கும் மயோமெக்டமி. கருப்பையைக் காப்பாற்ற முடியும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று; லண்டனைச் சேர்ந்த அறுவை மருத்துவர் விக்டர் பானி, ரத்த வங்கிகளோ ஆன்டிபயாடிக் மருந்துகளோ இல்லாத 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதை விடாப்பிடியாக வலியுறுத்தி, ஒரே கருப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்துக்காட்டியவர். உட்குழிக்குள் இருக்கும் சிறிய கட்டியாக இருந்தால், வயிற்றில் கீறலே இல்லாமல் பிறப்புறுப்பு வழியாகக் கருப்பைக்குள் செலுத்தும் நோக்குக்குழாயான ஹிஸ்டரோஸ்கோப் வழியாகவே அதைச் செதுக்கி எடுத்துவிடலாம். பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுவார்கள். இந்த வகைக் கட்டிக்கு இதைவிடச் சிறந்த சிகிச்சை எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. தசைக்குள்ளோ வெளிச்சுவரிலோ உள்ளவற்றை வயிற்றில் சிறு துளைகளிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலமாகவோ வயிற்றைத் திறந்தோ எடுக்க வேண்டியிருக்கும். அப்போது ரத்த இழப்பு கூடலாம். உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம். தசை ஆழமாகத் தைக்கப்பட்டிருந்தால் பிற்காலப் பிரசவம் சிசேரியனாக அமைய வேண்டியிருக்கலாம். விட்டுப்போன சிறு கட்டிகள் வளர்ந்து, சில ஆண்டுகளில் தொந்தரவு திரும்புவதும் உண்டு.

மூன்றாவது, நம்மிடையே அதிகம் பேசப்படாத எம்போலைசேஷன். இதைச் செய்பவர் மகப்பேறு மருத்துவர் அல்லர், படக்கருவிகளின் துணையோடு குழாய் வழியே சிகிச்சை செய்யும் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி நிபுணர் என்பதாலேயே பல பெண்களின் காதுக்கு இது எட்டுவதில்லை என்று நினைக்கிறேன். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கருப்பைத் தமனிகளுக்குள் நுண்துகள்களை விட்டுக் கட்டிக்குச் செல்லும் ரத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். இதன் தோற்றமே சுவையானது: பாரிஸில் ராவினா குழுவினர், அறுவையின்போது ரத்த இழப்பைக் குறைப்பதற்காக மட்டுமே இதை முன்கூட்டிச் செய்துவந்தனர், செய்துகொண்ட பெண்களில் பலருக்கு அறிகுறிகள் அடங்கி அறுவையே தேவைப்படாமல் போனதைக் கண்டு, 1995-இல் இதைத் தனிச் சிகிச்சையாக வெளியிட்டனர். பொது மயக்கம் தேவையில்லை, வேலைக்குத் திரும்புவதும் விரைவு. ஆனால் முதல் நாளின் வலி கடுமையாக இருக்கும். சில நாட்கள் காய்ச்சலும் சோர்வும் தொடரலாம். 45 வயதைக் கடந்தவர்களில் சிலருக்குச் சினைப்பையின் செயல்பாடு நின்றுபோகலாம்.

நெதர்லாந்தில் எம்போலைசேஷனையும் கருப்பை நீக்கத்தையும் ஒப்பிட்ட எம்மி ஆய்வில், பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, எம்போலைசேஷன் பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கருப்பையை இழக்காமலேயே இருந்தனர். எஞ்சியவர்களுக்குப் பின்னர் அதை நீக்க வேண்டிவந்தது. பிரிட்டனில் 254 பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஃபெம் ஆய்வு, மயோமெக்டமியையும் எம்போலைசேஷனையும் ஒப்பிட்டது. இரண்டு ஆண்டு முடிவில் இரு தரப்பினரின் வாழ்க்கைத் தரமும் வெகுவாக உயர்ந்திருந்தாலும், மயோமெக்டமி பெற்றவர்களின் மதிப்பெண் 84.6 ஆகவும் மற்றவர்களுடையது 80.0 ஆகவும் இருந்தன. இந்த வேறுபாடு சிறியதே. ஆயினும் குழந்தை வேண்டும் என்ற விருப்பம் உள்ள பெண்ணுக்கு நான் மயோமெக்டமியையே முன்வைப்பேன். எம்போலைசேஷனுக்குப் பின் கருச்சிதைவு வாய்ப்பு கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியிருப்பதும் அதற்கு ஒரு காரணம். குழந்தைப்பேறு முடிந்து, வயிற்றறுவையை விரும்பாமல், ஐந்தாறு ஆண்டுகளை நிம்மதியாகக் கடத்தினால் போதும் என்றிருக்கும் 44 வயதுப் பெண்ணுக்கோ எம்போலைசேஷன் தகுந்த வழி.

எம்போலைசேஷனில் திசு எதுவும் வெளியே வராததால், கட்டியைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப முடியாது. நார்த்திசுக் கட்டி என்று கருதப்பட்டது உண்மையில் சார்கோமா என்னும் புற்றுநோயாக இருப்பது அரிது. எனினும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல், நார்த்திசுக் கட்டிக்காக அறுவை செய்யப்படும் 350 பெண்களில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டு, கட்டியை உடலுக்குள்ளேயே கருவியால் துண்டாக்கி எடுத்தால் அந்தப் புற்றுநோய் பரவக்கூடும் என்று எச்சரித்தது. லேப்ராஸ்கோப்பியில் பெரிய கட்டியை எடுப்பதானால், அதைப் பைக்குள் வைத்துத் துண்டாக்குவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும் அறுவைக்கு முன் ரத்தசோகையைச் சரிசெய்ய வேண்டும். ஹீமோகுளோபின் 7 அளவில் இருக்கும் பெண்ணுக்கு, அவசரமில்லாத நிலையில், இரும்புச்சத்து ஊசியும் ரத்தப்போக்கைத் தற்காலிகமாக நிறுத்தும் மருந்தும் கொடுத்துச் சில வாரங்கள் காத்திருந்தால், ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையே பல நேரங்களில் நீங்கிவிடும். கருப்பை நீக்கத்தையே தேர்ந்தெடுப்பவர், சினைப்பைகளும் சேர்த்து எடுக்கப்படுமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். இயற்கையாக மாதவிடாய் நிற்பதற்கு முன் அவற்றை எடுத்துவிட்டால், திடீர் உடற்சூடும் உறக்கமின்மையும் தொடங்குவதோடு, எலும்பு தேய்வதற்கும் இதய நோய்க்குமான ஆபத்தும் கூடுகிறது. நார்த்திசுக் கட்டி மட்டுமே காரணமாக இருக்கும்போது ஆரோக்கியமான சினைப்பைகளை எடுக்க எந்த முகாந்திரமும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் அந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.