சரிவு வளவில் மலசலகூடக் குழி: ஏழு மாரி கண்ட பிறகு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை என்றதும் வயலும் சமதரையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தாந்தாமலைப் பக்கம் பாறைகளை ஒட்டிய காணிகள் நன்றாகவே சரிந்து கிடக்கும். எங்கள் வளவு 100 அடி நீளத்தில் 9 அடி இறங்குகிறது. மேலே வீடும் கிணறும். கீழ் எல்லைக்கு அப்பால் பெரியம்மாவின் தோட்டம், அவருடைய கிணறு.

2017இல் வீடு கட்டியபோது குழியைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. "சரிவுதானே, தண்ணி தானா ஓடிரும்" என்றார் மேசன். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. சரிவோடு நேராகக் குழாய் இறக்கி, செப்டிக் தொட்டி கட்டி, வளவின் கீழ் மூலையில், தொட்டித் தண்ணீர் மண்ணில் ஊறுவதற்கான குழியான சோக்பிட் வெட்டினோம். 5 அடியில் பாறை தட்டியது. அதோடு நிறுத்திச் சல்லிக்கல் கொட்டி மூடிவிட்டோம்.

அந்தக் கார்த்திகை மழையில் ஒருநாள் விடியற்காலை பெரியம்மா வேலியடியில் நின்று கூப்பிட்டார். "மனே, உங்கட பக்கத்துத் தண்ணி சோளத்துக்குள்ள வருகுது. மணக்குது மனே." போய்ப் பார்த்தேன். வேலிக்குப் பன்னிரண்டு அடி கீழே, மண்ணிலிருந்து கறுப்பாக நீர் கசிந்து, சோளத்தின் அடியில் தேங்கி நின்றது. அவருடைய கிணறு சோக்பிட்டிலிருந்து 80 அடி தள்ளித்தான் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன 60 அடியை விட அதிகம். ஆனால் அளவு சரியாக இருந்து என்ன பயன்? பாறைக்குள் இறங்க முடியாத தண்ணீர் பாறையின் மேலாகவே வழுகிப்போய், மண் மெலிந்த இடத்தில் வெளியே வந்துவிட்டது. சரிவில் கீழ்ப்பக்கம் கிணறு இருந்தால் அடிக்கணக்கை மட்டும் நம்பவே கூடாது. அந்த மாரி முழுவதும் அவர்களுக்குக் குடிக்க எங்கள் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் போனது. மழை விட்டபின் அவர்கள் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டோம். இன்றும் நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

2018 ஆவணியில் வேறொரு மேசன் அண்ணனைப் பிடித்துத் திருத்தி வேலை செய்தோம். தொட்டி அதே தொட்டிதான். 8 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டு அறை. மூடியைத் திறந்தபோதுதான் இன்னொரு பிழையும் தெரிந்தது. குழாய் சரிவோடு நேராக இறங்கி வந்ததால் தண்ணீர் வேகமாக விழுந்து, அடியில் படிந்ததைக் கலக்கி, கசடை இரண்டாம் அறைக்கும் தள்ளியிருந்தது. இப்போது குழாய் 4 அடிக்கு 1 அங்குலம்தான் இறங்குகிறது. மிச்ச இறக்கத்தை நடுவில் கட்டிய ஒரு மேன்ஹோலுக்குள் படிபோல விட்டாயிற்று. தொட்டிக்குள் நுழையும் இடத்தில் 'T' வடிவக் குழாய்த்துண்டு மாட்டியதால் தண்ணீர் அமைதியாகக் கீழே இறங்குகிறது.

சோக்பிட்டை அடியோடு கைவிட்டோம். அதற்குப் பதிலாக, எல்லையிலிருந்து 35 அடி மேலே, தொட்டித் தண்ணீர் மண்ணில் ஊறுவதற்குச் சரிவுக்குக் குறுக்காக இரண்டு வாய்க்கால். ஒவ்வொன்றும் 30 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம்தான். ஆழம் கூடினால் பாறை கிட்ட வந்துவிடும், தண்ணீர் ஊற மண் இருக்காது. அண்ணன் மட்டம் பார்த்த விதம் கண்ணிலேயே நிற்கிறது. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் மகனிடம் கொடுத்து, மறுமுனையோடு தான் நடந்து, இரண்டு பக்கமும் நீர்மட்டம் ஒன்றாக நின்ற இடங்களில் மட்டும் கட்டை அடித்தார். கட்டைகள் நேர்கோட்டில் வரவில்லை, வளைந்தே போயின. வாய்க்காலும் அப்படியே வளைந்துதான் கிடக்கிறது. அடித்தளம் ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் எல்லாம் அந்த மூலைக்கே போய், பழைய கதைதான். சல்லிக்கல், துளையிட்ட பிவிசி குழாய், மேலே மறுபடி சல்லி, உரப்பை, மண். மேல் வாய்க்கால் நிரம்பினால்தான் கீழதற்குத் தண்ணீர் போகும்.

என்னைக் கேட்டால், முழு வேலையிலும் அதிகப் பலன் தந்தது மிகவும் மலிவானதுதான். வீட்டுக்கும் இந்த வாய்க்கால்களுக்கும் நடுவே, மழைத்தண்ணீரை ஓரமாகத் திருப்பி விடும் ஒன்றரை அடி வெட்டுக் கான். மேலிருந்து ஓடிவரும் வெள்ளம் வாய்க்காலுக்குள் இறங்கினால் நம் தண்ணீருக்கு இடமே இருக்காது. புரட்டாசி முடியுமுன் அதைத் துப்புரவாக்குவது இப்போது வீட்டு வழக்கமாகிவிட்டது. எல்லாம் சேர்த்து 90,000 ரூபாய் ஆனது.

2023இல் தொட்டிக் கசடை இறைக்கும் கலி பவுசர் வந்தது. மேல் ரோட்டில்தான் நிற்க முடிந்தது. தொட்டியின் அடியிலிருந்து பவுசர் வரை 11 அடி உயரம், சிரமமில்லாமல் இழுத்தது. இன்னும் கீழே கட்டியிருந்தால் கஷ்டப்பட்டிருப்போம். இறைத்த அன்றே தொட்டியைத் தண்ணீரால் நிரப்பினோம். வெறுந்தொட்டியாக விட்டால் மாரியில் நிலத்து நீர் அதை மேலே தூக்கப் பார்க்கும்.

2024 கார்த்திகையில் நாட்கணக்காக மழை விடாமல் பெய்தபோது டோர்ச்சோடு போய், நீர்மட்டம் பார்க்கக் கீழ் வாய்க்காலில் நிறுத்தியிருந்த பார்வைக் குழாய்க்குள் தடி விட்டுப் பார்த்தேன். தண்ணீர் நிலத்துக்கு அரை அடிக்குக் கீழே நின்றது. மழை விட்ட மூன்றாம் நாள் தடி காய்ந்தே வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஈரம்தான், மணமில்லை. மேல் வாய்க்காலுக்கு அப்படியொரு குழாய் வைக்காமல் விட்டது குறைதான். மாடு மிதித்து மண் இறுகிய இடமும் அங்கேதான். கம்பி வேலி போட்டாயிற்று. குழாயை இந்தப் புரட்டாசியில் இறக்க வேண்டும்.